முழுக்கைச் சட்டைக்குள் வளைகாப்பு

1

போன வாரம் விருத்தாசலத்திலிருந்து வசந்தி போன் செய்தாள். செராமிக் டிப்ளமோவில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தே படம் வரைந்து பாஸ் பண்ணியவள். இப்போது ஊரில் மாதம் ஒருமுறை வரும் சின்னப் பத்திரிகை ஒன்றில் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.

"ஏண்டி கலை, இங்கிலாந்துல பெரிய ஆபீஸ்ல உட்காந்திருக்க. கோட்டு சூட்டு எல்லாம் போடுற. நம்மூர்ப் பொண்ணுங்க இப்ப மெட்ராசு, பெங்களூருன்னு வேலைக்குக் கெளம்புதுங்க. என்னா போட்டுக்கிட்டுப் போறதுன்னு ஒண்ணும் தெரியல. நாலு டிப்ஸு எழுதி அனுப்புடி. நேரமில்லாத பொம்பளைங்களுக்குன்னு தலைப்பு வச்சிக்கலாம்."

"டிரெஸ்ஸப் பத்தி எனக்கு என்னாடி தெரியும்?"

"அங்க இத்தினி வருசம் குப்ப கொட்டிட்டு தெரியலன்னா எப்படி? எந்தக் கலரு எடுக்கலாம், தலைய எப்படிக் கட்டலாம், நகை எவ்ளோ போடலாம், அவ்ளோதான். ஒரு பக்கம் வந்தா போதும்."

சரி என்று உட்கார்ந்தேன். எழுதத் தெரியாதவள் இல்லையே நான். முதல் குறிப்பு: ஞாயிற்றுக்கிழமையே ஐந்து நாள் சட்டையையும் இஸ்திரி போட்டு மாட்டிவிடுங்கள், காலையில் பாதி சண்டை மிச்சம். இரண்டாவது: காலுக்குப் பொருந்தாத ஹீல்ஸை யார் சொன்னாலும் போடாதீர்கள். இரண்டும் நன்றாகத்தான் வந்தன. மூன்றாவது நகை. "ஆபீசுக்கு நகை குறைவாக" என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. எழுந்து போய் டீ போட்டேன், துணி மடித்தேன், திரும்பி வந்தேன். அப்போதும் ஓடவில்லை. நகை என்று எழுதியதுமே ஐந்து வருடத்துக்கு முந்தைய பயம் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. இதை வெளியே துப்பாமல் வேறெதையும் எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது.

வசந்தி, கோபித்துக்கொள்ளாதே. டிப்ஸ் கேட்டாய். வருவது இதுதான்.

2

ஆபீஸ் உடை என்று நான் முதலில் பார்த்தது சேலம் ரோட்டுப் பக்கத்து செராமிக் யூனிட்டுகளில்தான். புடவைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, புருவமெல்லாம் வெள்ளை மாவு. பீங்கான் பியூஸ் கட்டைக்கு அச்சில் மண் அழுத்தும் பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் இருப்பார்கள். டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் நானும் அங்கே வேலை பார்த்தேன். எனக்குச் சட்டை கொடுக்கப் புருஷன் இல்லாததால் அப்பா சட்டை.

அங்கிருந்து கிளம்பி வந்து சேர்ந்ததும் இன்னொரு பீங்கான் ஊரில். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பழைய சூளைக் கோபுரங்கள் அங்கங்கே நிற்கும் ஊர் இது. டைல்ஸ், வாஷ்பேசின் விற்கும் ஒரு கம்பெனி. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் சரக்கில் விரிசல் இருந்தால் அது மண்ணில் வந்ததா, காய வைத்ததில் வந்ததா, சூளையில் வந்ததா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சொல்வது என்றால் போனில். நாள் முழுக்கப் போன். ஒரு நீள அறை, பதினைந்து இருபது பேர், எல்லோர் காதிலும் போன். அதைத் தவிர சத்தம் என்று ஒன்று அந்த அறையில் கிடையாது.

முதல் நாள் பேன்ட், சட்டை, கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு, அடியில் கொலுசோடு போனேன். கொலுசு காலோடு பிறந்த மாதிரி, அது இருப்பதே எனக்கு நினைவில்லை. எங்கள் மேலாளர் மார்கரெட் வாசலில் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாம்பல் கோட்டு, ஒரு சுருக்கம் இருக்காது.

"நீ வருவது மாடிப்படியிலேயே கேட்டுவிட்டது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கொலுசைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன். மத்தியானம் ஒரு விதிப் புத்தகம் கொடுத்தார்கள். ஒரு மோதிரம், காதோடு ஒட்டிய தோடு, சத்தம் தரும் நகை கூடாது. அன்றிலிருந்து என் நடையையே மாற்றிக்கொண்டேன், பூனை கெட்டது போங்கள்.

பயப்படக் காரணம் இருந்தது. என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த மூன்று வருட விசா அந்த வேலையோடு கட்டிய விசா. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என் கணவர் சேகரின் விசா என் விசாவைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அவர் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தார். "நான் பொண்டாட்டி முந்தானையப் புடிச்சிக்கிட்டு சீமைக்கு வந்தவன்" என்று ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்த ஊரில் கடைக்காரி, பஸ் டிரைவர், தபால்காரர் எல்லோரும் பிரியமாக ஒருவரை ஒருவர் 'டக்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்து! "மிச்சம் இந்தா, டக்" என்று சில்லறையைக் கையில் வைப்பார்கள். வயிறு கொஞ்சம் தெரிய ஆரம்பித்த நாளில் கடைக்காரி அப்படிச் சொல்ல, நான் குனிந்து என் நடையைப் பார்த்துக்கொண்டேன். அகட்டி நடக்கிறேனா, கண்டுபிடித்துவிட்டாளா என்று ஒரே உதறல்.

ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும், சொன்ன எல்லோரிடமும் திரும்பப் போய், இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று நாலாம் மாதம், ஒன்று ஐந்தாம் மாதம். ஸ்கேன் எடுக்கும் பெண் பேசிக்கொண்டே இருப்பாள், வெயில் எப்படி, பஸ் கிடைத்ததா என்று. திடீரென்று பேச்சு நிற்கும். திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். அந்த அறையில் அப்புறம் யாரும் பேச மாட்டார்கள். அந்த மௌனத்தை இரண்டு முறை கேட்டிருக்கிறேன். விரோதிக்கும் வரக் கூடாது.

மூன்றாவது முறை எல்லாவற்றுக்கும் பயந்தேன். மாடிப்படிக்குப் பயம், தும்மலுக்குப் பயம், யாராவது நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால் பயம். தொளதொளவென்று பெரிய கோட்டு வாங்கி, கழுத்திலிருந்து ஒரு நீளத் துண்டை வயிற்றுக்கு நேராகத் தொங்கவிட்டுக்கொண்டேன். ஆபீசில் ஒருத்தி வந்து, உன் உடை ரொம்ப நாகரிகமாக இருக்கிறது என்று பாராட்டினாள். பயத்தில் உடுத்தியது அவளுக்கு பேஷனாகத் தெரிந்திருக்கிறது.

கம்பெனிக்குச் சொல்லியே ஆக வேண்டிய கெடு வந்தபோது மார்கரெட்டிடம் சொன்னேன். வாழ்த்தினார். உடனே டயரியைத் திறந்து ஏதோ எழுதினார். என் ஒப்பந்தம் முடியப் போகிற மாதமும் பிள்ளை பிறக்கும் மாதமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவர் எழுதியது என்ன என்று யோசித்தே ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

3

ஏழாம் மாதம் பிறந்ததும் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பத்து நாள் லீவில் ஊருக்குப் போனேன். வளைகாப்புக்கு. அதற்கு முன் இரண்டு பிள்ளையும் வளையல் போடும் மாதம் வரை வந்ததே இல்லை. அதனால் இதைத் தள்ளிப்போட யாருக்கும் மனசில்லை, எனக்கும் இல்லை.

சேகரின் ஊர் கருவேப்பிலங்குறிச்சி. அங்கே அவர்கள் வீட்டில்தான் வைத்தார்கள். அம்மா விருத்தாசலத்திலிருந்து தட்டு வரிசையோடு, ஏழு வகைச் சோற்றோடு வந்தாள். என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், கொளஞ்சியப்பர் முருகன் கோயிலில் அதற்கு முன்பே பிராது கட்டிவிட்டு வந்திருந்தார். எங்கள் பக்கம் அது வழக்கம். குறை என்னவென்று மனுவாகவே எழுதி, சாமி முன்னால் வைத்து, கோயிலிலேயே கட்டிவிடுவார்கள். அங்கே நான் ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லிக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன், இங்கே அத்தை முருகனிடம் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். யார் மனு முதலில் எடுபடுமோ தெரியவில்லை.

பச்சையும் சிவப்புமாக இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் ஏறியது. பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து சந்தனம் பூசி, ஆளுக்கு இரண்டு வளையலைத் தள்ளிவிட்டுப் போனார்கள். கை அசைந்தால் கூடம் முழுக்கக் கேட்டது. எனக்குச் சந்தோஷம் பொங்கியது, பொய் சொல்ல மாட்டேன். கூடவே, இந்தக் கையை எடுத்துக்கொண்டு எப்படி ஆபீசுக்குப் போவேன் என்ற நடுக்கமும் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அத்தையிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"அத்தை, ஆபீசுக்குப் போம்போது மட்டும் கழட்டி வச்சிட்டு, வூட்டுக்கு வந்து போட்டுக்கட்டுமா?"

"என்னாது? கழட்டுறியா? புள்ள பொறக்குற வரைக்கும் ஒண்ணக்கூடத் தொடக் கூடாது. குளிச்சாலும் கையிலியே இருக்கணும்."

"அங்க விட மாட்டாங்க அத்தை. சத்தம் வரக் கூடாதுன்னு சட்டம் வச்சிருக்காங்க."

"புள்ளத்தாச்சி கையில வளையலு போடக் கூடாதுன்னு எந்தக் கலெக்டருடி சட்டம் போட்டான்? வயித்துல இருக்கிறது அதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்குது. அம்மா இங்கதான் இருக்கான்னு அதுக்கு வேற எப்படித் தெரியும்? சத்தம் நின்னுபோனா தேடாதா?"

அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலை இறக்கி, "ரெண்டு போனது போதும் கலை" என்றார்.

அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவள் அழுதால் நான் அழுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

கண்ணாடி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? மணல், சோடா, சுண்ணாம்பு. எத்தனை டிகிரியில் இளகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். அதற்கும் ஒரு பிள்ளையின் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் படித்த படிப்பு மூளையோடு நின்றுவிடுகிறது, வயிறு வரை இறங்க மாட்டேன் என்கிறது. அத்தை சொன்ன அந்த ஒரு வாக்கியம் நேரே வயிற்றுக்குப் போய்விட்டது.

விமானத்தில் ஏறும்போது பரிசோதனை வாசல் வளையலுக்குக் கத்தவில்லை. கண்ணாடிதானே. அதையே ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். பயந்தவள் எதைத்தான் விடுவாள்?

4

இப்போது வசந்திக்கு ஒரு டிப்ஸ். முழங்கை வரை கண்ணாடி வளையல் இருந்தால் பெண்கள் சட்டை உதவாது. கை இறுக்கம். புருஷன் சட்டைதான் லாயக்கு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையல்களை ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளி, அதன் மேல் சுளுக்குக்குச் சுற்றும் துணி பேண்டேஜை இறுக்கமாகவும் இல்லாமல் தளர்வாகவும் இல்லாமல் சுற்றி, மேலே சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட வேண்டும். காலையில் சேகர் இரவு வேலை முடிந்து வந்ததும் முதல் வேலை எனக்குக் கட்டுப் போடுவதுதான்.

"கலை, பேசாம அந்தம்மாகிட்டச் சொல்லிடேன்" என்றார் ஒரு நாள், பேண்டேஜைச் சுற்றிக்கொண்டே. "அவங்களும் பொம்பளதானே?"

"சொன்னா கழட்டச் சொல்லுவாங்க. சொல்லாட்டி எப்படிச் சொல்லுவாங்க?"

"கழட்டச் சொன்னா கழட்டிட்டுப் போ. என்னா ஆயிடப் போவுது? நான் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கீங்க. புள்ள இருக்கணும்ல?"

அவர் கட்டின நுனியில் பின்னைக் குத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

முதல் நாளே சட்டைக் கை ஓரத்தில் பேண்டேஜ் எட்டிப் பார்த்ததை மார்கரெட் பார்த்துவிட்டார்.

"கைக்கு என்ன?"

"சுளுக்கு."

"இரண்டு கையுமா?"

"இரண்டும்தான்."

சொல்லும்போதே தப்பு என்று தெரிந்தது. இந்த நாட்டில் ஆபீசில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவளுக்கு இரண்டு கையும் சுளுக்கினால் அது சுளுக்கு இல்லை, வழக்கு. மறுநாளே பணியிட நலன் பார்க்கிற ஒருவர் டேப்போடு வந்துவிட்டார். என் நாற்காலி உயரம், மேசை உயரம், என் முழங்கை வளைவு எல்லாவற்றையும் அளந்தார். வளைந்த கீபோர்டு ஒன்று வந்தது. கைக்கு வைக்க மெத்தை வந்தது. "வலி வேலையால் வந்தது என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றால் கம்பெனி மேல் பழி போடுகிறேன் என்று ஆகும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவே மாட்டார்கள். இல்லை என்றால் வேறு எதனால் என்று கேட்பார். மண்டையை இரண்டு பக்கமும் ஆட்டி வைத்தேன். நம்மூர் தலையாட்டல் ஆமாம்-இல்லை இரண்டுக்கும் பொது என்பது அன்றைக்குக் கைகொடுத்தது. நல்ல மனுஷன் அவர். கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கலாமா என்றார். டாக்டர் அவிழ்க்கக் கூடாது என்றிருக்கிறார் என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்.

அடுத்தது சத்தம். என்னதான் சுற்றினாலும், போனை எடுக்கக் கையை நீட்டினால் உள்ளே மெலிசாக ஒரு 'க்ளிங்'. எனக்குக் கோயில் மணி மாதிரிக் கேட்கும். எதிர்முனையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது. லைனில் ஏதோ சத்தம் வருகிறது என்று வாங்குகிறவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். மார்கரெட் ஆள் வரவழைத்துப் போன்களை மாற்றினார். சத்தம் போகவில்லை. டீக் கோப்பையில் கரண்டி இடிக்கிற சத்தம் என்று யாரோ சொல்ல, மேசைக்கு டீக் கோப்பை கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு வந்தது. வெள்ளைக்காரனிடமிருந்து டீயைப் பிடுங்கிய பாவம் என்னைச் சும்மா விடுமா? ஆபீசே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபடி நடைவழியில் டீ குடித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு வளைந்த கீபோர்டைத் தட்டினேன்.

அதற்கும் சத்தம் நிற்காமல் போக, மார்கரெட்டே கிளம்பினார். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்பார். அவர் என் பக்கம் வரும் செருப்புச் சத்தம் கேட்டதுமே இரண்டு கையையும் மடியில் போட்டு, மூச்சை அடக்கிக்கொள்வேன். என் பின்னால் நிற்பார். உள்ளே பிள்ளை உதைக்கும். உதைக்கும்போது கை தானாக வயிற்றுக்குப் போகப் பார்க்கும். போக விடாமல் பிடித்து வைத்திருப்பேன். வியர்த்துக் கொட்டும். அவர் அடுத்த மேசைக்குப் போன பிறகும் கொஞ்ச நேரம் என்னால் நிமிர முடியாது.

5

ஒரு நாள் காகிதக்கட்டு எடுக்கக் குனிந்தபோது அலமாரி விளிம்பில் இடது கை மோதியது. உள்ளே 'டக்'கென்றது. பேண்டேஜுக்குள் ஏதோ குத்தியது. கழிப்பறைக்குப் போய் அவிழ்த்தால் ஒரு பச்சை வளையல் இரண்டாகக் கிடந்தது. கையில் சின்னக் கீறல், கொஞ்சம் ரத்தம். இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

காலிங் கார்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன் போட்டேன்.

"அத்தை, ஒண்ணு உடைஞ்சிடுச்சு."

"உடைஞ்சிதுன்னு சொல்லாத! பெருகிடுச்சுன்னு சொல்லு."

"பெருகிடுச்சு அத்தை. ஏதாவது ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆவாது. மத்ததெல்லாம் இருக்குதில்ல? புள்ள ஆடுதா?"

"ஆடுது."

"அப்புறம் என்னா? போய் சாப்புடு." அவர் குரலிலும் தெம்பு இல்லை. சாயங்காலமே கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

வேலை என்ன ஆயிற்று என்று படிக்கிறவர்கள் நடுவில் கவலைப்பட வேண்டாம். ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டினார்கள். அப்புறம் இன்னொரு வருடம். இன்னமும் அங்கேதான் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அது தெரியாது. அதோடு, எனக்கு வேலை ஒரு பொருட்டாகவே இல்லாத ஒரு காலை சீக்கிரமே வந்தது.

6

காலையில் சேகர் பேண்டேஜைச் சுற்றும்போது வளையல்கள் நெருங்கிச் சத்தம் போடும். அப்போது பிள்ளை ஒரு புரள் புரளும். தினமும். என் நாளே அதில்தான் தொடங்கும். அன்றைக்குக் கட்டுப் போட்டு முடித்தாயிற்று, ஒன்றும் இல்லை.

"இன்னும் எழுந்திருக்கல போல" என்றார் சேகர். குனிந்து காதை வைத்துப் பார்த்தார். அவருக்கு என்ன கேட்கும்? "தூங்குதும்மா. நீ எதையாவது நெனச்சிக்காத."

மருத்துவச்சி ஏற்கெனவே சொல்லியிருந்தாள், அசைவு தெரியாவிட்டால் குளிர்ந்த தண்ணீர் குடித்து இடது பக்கம் சாய்ந்து படு, அப்படியும் இல்லாவிட்டால் உடனே வா என்று. தண்ணீர் குடித்தேன். படுத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒன்றும் இல்லை.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றார் அவர், சட்டையை மாட்டிக்கொண்டே.

"மீட்டிங் இருக்குது. முடிச்சிட்டு அங்கிருந்து நேரா போயிடறேன்."

"மீட்டிங்கா? பைத்தியமா ஒனக்கு?"

அவர் கத்தினார். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன். மீட்டிங்குக்காக இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த அறை. அந்தப் பெண் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாள், பிறகு பேச்சை நிறுத்துவாள். அதைக் கேட்காத வரைக்கும் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கிழவி, "எப்போது, டக்?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மீட்டிங் அறையில் நாங்கள் ஆறு பேர். மேசை நடுவில் எல்லோரும் சேர்ந்து பேசுகிற போன். அந்தப் பக்கம் வளைகுடாவில் ஒரு பெரிய வியாபாரி. அவருக்குப் போன சரக்கில் வாஷ்பேசின்கள் எல்லாம் ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்டிருந்தன. ஏன் என்று நான்தான் சொல்ல வேண்டும். மார்கரெட் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

வியாபாரி பேசிக்கொண்டிருந்தார். நான் மேசைக்குக் கீழே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை மெல்ல அசைத்தேன். துணிக்குள் ஏதோ முனகியது, அவ்வளவுதான். இந்தச் சத்தம் எனக்கே கேட்கவில்லை, அதற்கு எப்படிக் கேட்கும்? ரெண்டு மாதமாக இதைக் கட்டிக் கட்டி வைத்திருக்கிறேனே, அம்மா எங்கே என்று அது தேடித் தேடிக் களைத்துவிட்டதோ? அத்தை சொன்னாரே. அந்த நினைப்பு வந்ததும் எனக்குள் எல்லாம் அறுந்துவிட்டது.

"கலை சொல்வாள்" என்றார் மார்கரெட் போனைப் பார்த்து.

நான் பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை மேலே தள்ளினேன். பின்னைப் பிடுங்கினேன். பேண்டேஜைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக் கீழே போட்டேன். ஒரு கை, அப்புறம் இன்னொரு கை. பச்சையும் சிவப்புமாக வளையல்கள் சரிந்து மணிக்கட்டுக்கு இறங்கின. அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"வலிக்கிறதா?" என்றார் மார்கரெட். பாவம், அவர் இன்னும் சுளுக்கை நினைத்துக்கொண்டிருந்தார்.

"புள்ள அசையல" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "காலையிலிருந்து அசையவில்லை. இந்தச் சத்தம் அதற்குத் தெரியும். கூப்பிடுகிறேன்."

இரண்டு கையையும் வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினேன். கண்ணாடிச் சத்தம் அந்த அறையில் நாலு சுவரிலும் மோதியது. மார்கரெட் வளையலைப் பார்த்தார். தரையில் கிடந்த பேண்டேஜைப் பார்த்தார். திரும்பவும் வளையலைப் பார்த்தார். தான் ஒவ்வொரு முதுகுக்குப் பின்னாலும் நின்று தேடியது எது என்று அவருக்கு அப்போது புரிந்துவிட்டது. கழற்று என்று சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

போனிலிருந்து, "அது என்ன சத்தம்?" என்று வியாபாரி கேட்டார்.

மார்கரெட் கையை நீட்டி, நம் பேச்சு அந்தப் பக்கம் கேட்காமல் செய்கிற பொத்தானை அழுத்தினார்.

"இன்னும் சத்தமாக" என்றார் என்னிடம்.

எழுந்து நின்றேன். பலம் கொண்ட மட்டும் ஆட்டினேன். ஒரு வளையல் மேசை விளிம்பில் பட்டுத் தெறித்தது, இன்னொன்று போயிற்று, நான் பார்க்கவில்லை. "எந்திரி கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன். எந்திரிம்மா, எந்திரி சாமி." யார் முன்னால் நிற்கிறேன், என்ன மொழியில் கத்துகிறேன் எதுவும் தெரியவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஒன்றும் இல்லை. திரும்ப ஆட்டினேன். ஒன்றும் இல்லை. கை சோர்ந்து இறங்கப் பார்த்தது. மார்கரெட் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, என் முழங்கைகளுக்குக் கீழே தன் கைகளைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் ஆட்டினேன்.

இடது பக்கம், விலாவுக்குக் கீழே, ஒரு உதை.

அப்புறம் இன்னொன்று. கோபமான உதை, தூக்கத்தில் எழுப்பினால் உதைக்கிற மாதிரி.

"இருக்குது!" என்று கத்தினேன். "இருக்குது, இருக்குது!"

மார்கரெட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிட்டது, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். யாரோ என் கோட்டை எடுத்து வந்தார்கள், யாரோ ஆஸ்பத்திரிக்குக் கார் எடுக்க ஓடினார்கள். மேசை நடுவிலிருந்து அந்த மனுஷன் "ஹலோ, ஹலோ, இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஆபீசில் அன்றைக்கு யாரும் போனுக்குப் பதில் சொல்லவில்லை.